பெரிய கோப்புகளைக் கண்டால் சில நிரல்கள் ஏன் திணறுகின்றன?

கேள்வி இதுதான்: லினக்ஸின் கோப்பு முறைமைகள் பல டெராபைட் அளவுள்ள ஒற்றைக் கோப்பைக்கூடத் தாங்கும், வட்டிலும் போதிய இடம் இருக்கிறது. அப்படியிருக்க, ஒரு நிரல் 2 ஜிபியைத் தாண்டிய கோப்பைத் திறக்கவே மறுப்பதும், இன்னொன்று 4 ஜிபியில் எழுதுவதை நிறுத்திவிடுவதும், வேறொன்று எந்தப் பிழைச் செய்தியும் சொல்லாமல் பாதியில் மடிந்துபோவதும் ஏன்? இதில் லினக்ஸின் குற்றம் எவ்வளவு, நிரலின் குற்றம் எவ்வளவு?

கோப்பின் அளவு என்பது ஓர் எண். கோப்பில் எத்தனையாவது பைட்டில் நிற்கிறோம் என்பதும் ஓர் எண். நிரலின் மாறி, அது நம்பியிருக்கும் லைப்ரரி, சி லைப்ரரி, கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) அழைப்பு, கோப்பு முறைமை, கோப்பின் வடிவம் என்று இந்த எண் பல கைகள் மாறிச் செல்கிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்றில் அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் போதாமல் போனால், மற்றவை எவ்வளவு விசாலமாக இருந்தாலும் பயனில்லை. ஆகவே ‘லினக்ஸ் பெரிய கோப்புகளை ஆதரிக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, சரியாக எந்த அளவில் முறிகிறது என்று பார்ப்பதே நல்லது. முறியும் இடத்தின் எண், பெரும்பாலும் குற்றவாளியின் பெயரையே சொல்லிவிடும். (இங்கே ஜிபி என்று நான் குறிப்பிடுவது 1024 எம்பி என்ற கணக்கில்.)

மிகப் பழைய வரம்பிலிருந்து தொடங்குகிறேன். யூனிக்ஸ் வழி வந்த அமைப்புகளில் கோப்பிற்குள் உள்ள இடத்தைக் குறிக்க ‘ஆஃப்_டி’ என்ற எண்வகை பயன்படுகிறது. 32 பிட் லினக்ஸில் அது தொடக்கத்தில் குறியுள்ள 32 பிட் எண்ணாக வரையறுக்கப்பட்டது. ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடுவதால் எஞ்சுவது 31 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647, அதாவது 2 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. கோப்பில் எதிர்மறை இடம் என்று ஒன்று கிடையாதே, குறி எதற்கு என்று தோன்றலாம். காரணம் உண்டு: கோப்பிற்குள் இடம் நகரும் ‘எல்சீக்’ அழைப்பில் இப்போதுள்ள இடத்திலிருந்து பின்னோக்கி நகர எதிர்மறை எண் தேவை, அழைப்பு தோற்றுவிட்டது என்று சொல்ல −1 என்ற விடையும் தேவை. வட்டுகள் மெகாபைட்டில் விற்ற காலத்தில் 2 ஜிபி என்பது யாரும் தொடப்போகாத தொலைவாக இருந்ததால், அந்த ஒரு பிட்டை இழந்தது யாருக்கும் உறுத்தவில்லை.

அந்தத் தொலைவை நானும் ஒருமுறை தொட்டிருக்கிறேன். பழைய 32 பிட் இயந்திரம் ஒன்றில் பல மாதங்களாகச் சிக்கலின்றி ஓடிக்கொண்டிருந்த ஒரு சேவை ஒரு நாள் நின்றுபோனது. மறுபடி தொடக்கினால் எழும். சில நொடிகளில் மீண்டும் விழும். அமைப்புகள் எதுவும் மாறவில்லை, வட்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. பதிவுக் கோப்பைப் பார்க்கலாம் என்று, கோப்பு விவரங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ கட்டளையை அடித்தபோது அதன் அளவு 2147483647 என்று திரையில் நின்றது. அந்த எண்ணைப் பார்த்த பிறகு வேறு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. கோப்பின் அளவு வரம்பைத் தாண்டவில்லை, வரம்பின் மேலேயே சரியாக நின்றது. அதனால் திறக்கும்போது கெர்னல் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஒரு பைட்டை எழுத முயன்றதும், கோப்பின் அளவு வரம்பு மீறப்பட்டது என்று தெரிவிக்கும் சிக்னலை அக்காலக் கெர்னல் அனுப்பியது. அந்தச் சிக்னலைக் கவனிக்காத நிரலை அது அங்கேயே முடித்துவிடும். பதிவுக் கோப்பின் பெயரை மாற்றி வைத்ததும் சேவை ஒன்றும் நடவாதது போல ஓடத் தொடங்கியது.

இந்தச் சிக்கலை யூனிக்ஸ் நிறுவனங்கள் முன்பே உணர்ந்து, ‘லார்ஜ் ஃபைல் சம்மிட்’ என்ற பெயரில் கூடி 1996-இல் ஒரு தீர்வை வரையறுத்தன. ஆஃப்_டியை அப்படியே 64 பிட்டாக அகலப்படுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே கம்பைல் செய்யப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான நிரல்கள், அந்த எண் 4 பைட் அகலம் என்று நம்பியே இயந்திர மொழியாக மாறியிருந்தன. அகலத்தைத் திடீரென மாற்றினால் அவை அத்தனையும் நினைவகத்தில் தவறான இடத்தைப் படிக்கும். ஆகவே பழைய அழைப்புகளைத் தொடாமல் விட்டு, அவற்றின் பக்கத்தில் ‘ஓப்பன்64’, ‘எல்சீக்64’ என்று இணை அழைப்புகளை வைத்தார்கள்; கம்பைல் செய்யும்போது ‘_ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64’ என்ற வரையறையைக் கொடுத்தால், நிரலில் எழுதியிருக்கும் பழைய பெயர்களே புதிய அழைப்புகளுக்குத் திருப்பிவிடப்படும். லினக்ஸில் 2001 தொடக்கத்தில் வந்த 2.4 கெர்னலும் லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியின் அக்காலத்து 2.2 பதிப்பும் இதற்கான ஆதரவைக் கொண்டிருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, அது கேட்டால் மட்டுமே கிடைக்கும் வசதி என்பது. வரையறையைக் கொடுக்க மறந்த நிரல் எவ்விதப் புகாரும் இன்றிக் கம்பைல் ஆகும், சிறிய கோப்புகளில் ஒழுங்காக ஓடும், சோதனைகளிலும் தேறும். கெர்னல் தயாராகிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் பல புகழ்பெற்ற நிரல்கள் விழித்துக்கொண்டன: கோப்பிறக்கும் நிரலான விகெட் தன் 1.10 பதிப்பிலும், வலை வழங்கியான அப்பாச்சி தன் 2.2 பதிப்பிலும், இரண்டும் 2005-இல், 32 பிட் இயந்திரங்களில் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளைக் கையாளத் தொடங்கின. யூனிக்ஸின் இன்னொரு கிளையான பிஎஸ்டி குடும்பமோ 4.4பிஎஸ்டி காலத்திலேயே ஆஃப்_டியை 64 பிட்டாக்கிவிட்டு, பழையவற்றை ஒரேயடியாக முறித்துக்கொண்டது. பிற்காலத்தில் வந்த மசில் என்ற இன்னொரு சி லைப்ரரியில் 32 பிட் ஆஃப்_டி என்பதே கிடையாது. பழைய நிரல்களைக் காப்பாற்றிய ஜிலிப்சியின் முடிவு நியாயமானதுதான்; ஆனால் புதிதாகக் கம்பைல் செய்பவனுக்கும் பழைய அகலத்தையே இயல்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தது இத்தனை ஆண்டுக் குழப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பது என் கருத்து.

‘என் கெர்னல் 64 பிட் ஆயிற்றே’ என்பவர்களுக்கு ஒரு சொல். கெர்னல் எதுவாக இருந்தாலும், ஓடும் நிரல் 32 பிட்டில் பழைய முறையில் கம்பைல் ஆனதாக இருந்தால் வரம்பு அப்படியே தொடரும். கோப்பைத் திறக்கும்போது ‘ஓ_லார்ஜ்ஃபைல்’ என்ற கொடியை நிரல் சேர்த்து அனுப்ப வேண்டும். ‘பெரிய எண்களை எனக்குக் கையாளத் தெரியும்’ என்ற உறுதிமொழி அது. 64 பிட் நிரல்களுக்கு அந்தக் கொடியைக் கெர்னலே சேர்த்துக்கொள்ளும். 32 பிட் நிரல்களுக்குச் சேர்க்காது. கொடி இல்லாமல் பெரிய கோப்பைத் திறக்கப் போனால், வரையறுத்த வகைக்கு மதிப்பு மிகப் பெரியது என்ற பொருள்படும் பிழை திரும்பும். பார்ப்பதற்கு முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் இது ஒரு பாதுகாப்பு. திறக்க விட்டிருந்தால், நிரல் தான் நிற்கும் இடத்தைத் தவறாகக் கணக்கிட்டுக் கோப்பின் நடுவே எதையாவது எழுதிவைத்திருக்கும்.

இதே பிழை சில சமயம் சில கிலோபைட் அளவே உள்ள கோப்பிலும் வந்து ஆளைக் குழப்பும். கோப்பின் விவரங்களைக் கேட்கும் பழைய ‘ஸ்டாட்’ அழைப்பு, கோப்பின் அளவோடு அதன் ஐநோடு எண்ணையும் (கோப்பு முறைமை ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாள எண்) 32 பிட்டில் திருப்பித் தருகிறது. எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் பெரிய வட்டுகளில் 32 பிட்டைத் தாண்டிய ஐநோடு எண்களை வழங்கக்கூடும். பழைய 32 பிட் விளையாட்டு ஒன்று புதிய பெரிய வட்டுக்கு மாற்றியதும் தன் சொந்தக் கோப்புகளையே காணவில்லை என்று சொன்னால், கோப்பின் அளவைச் சந்தேகிப்பது வீண். ஐநோடு எண்ணைப் பாருங்கள்.

நிரலை மட்டும் புதிய வரையறையோடு கம்பைல் செய்துவிட்டு, அது பயன்படுத்தும் லைப்ரரியைப் பழைய அகலத்திலேயே விட்டுவிடுவது இன்னொரு தொல்லை. லைப்ரரியின் செயற்கூறு ஒன்று ஆஃப்_டி வகை எண்ணைப் பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் 8 பைட் அனுப்பும், லைப்ரரி 4 பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி 4 பைட்டை அடுத்த உள்ளீடு என்று படிக்கும். கோப்பு பெரிதோ சிறிதோ, விளைவு குப்பைதான். இதைத் தவிர்க்கவே, சுருக்க லைப்ரரியான ஸீலிப் போன்றவை 64 என்ற பின்னொட்டோடு தனிச் செயற்கூறுகளைத் தருகின்றன. பல நிரலாளர்கள் இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட்டதற்குச் சோம்பலைவிட இந்த அச்சமே பெரிய காரணம். நொடிகளை எண்ணும் 32 பிட் எண் நிரம்பிவிடும் 2038-ஆம் ஆண்டு நேரச் சிக்கல் வந்து நெருக்கிய பிறகுதான் கட்டு தளர்ந்தது: 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34, 32 பிட் அமைப்புகளில் 64 பிட் நேர எண்ணைக் கேட்பவர்கள் 64 பிட் ஆஃப்_டியையும் சேர்த்தே கேட்டாக வேண்டும் என்று விதித்தது. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகம் 2024-இல், ஆர்ம் செயலிகளுக்கான தன் 32 பிட் தொகுப்புகளை அவ்வாறே மொத்தமாக மறுகம்பைல் செய்தது.

இதுவரை சொன்னது 32 பிட் உலகம். இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் 64 பிட் லினக்ஸில் ஆஃப்_டி இயல்பாகவே 64 பிட். அங்கேயும் நிரல்கள் முறிகின்றன என்றால், தவறு பெரும்பாலும் நிரலின் உள்ளேயே இருக்கும். 64 பிட் லினக்ஸிலும் சி மொழியின் வழக்கமான முழு எண்வகையான ‘இன்ட்’ 32 பிட்தான். கோப்பின் அளவைக் கெர்னல் சரியாகச் சொன்னாலும், அதை ஓர் இன்ட் மாறியில் போட்டுவைத்தால் மேற்பாதி வெட்டுப்பட்டுவிடும். 3 ஜிபி கோப்பின் அளவு 3221225472. அது இன்ட்டில் −1073741824 ஆகத் தெரியும். எதிர்மறை எண்ணைக் கொண்டு நினைவகம் கேட்கும் நிரல் உடனே விழுந்துவிடும். அந்த மட்டில் நல்லதே. 5 ஜிபி கோப்பின் அளவு 5368709120. மேற்பாதி வெட்டுப்பட்டால் மிஞ்சுவது 1073741824, சரியாக 1 ஜிபி. நிரல் முதல் 1 ஜிபியை மட்டும் படித்து, பதப்படுத்தி, ‘முடிந்தது’ என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கும். துல்லியமாக 4 ஜிபி உள்ள கோப்பு காலிக் கோப்பாகவே தெரியும். 3 ஜிபியில் விழும் நிரலைவிட 5 ஜிபியில் விழாத நிரலே ஆபத்தானது.

இதற்கு நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் உண்டு. லினக்ஸில் ‘ரீட்’, ‘ரைட்’ அழைப்புகள் ஒரே தடவையில் 2147479552 பைட்டுக்கு மேல் எடுத்துச் செல்லா; 64 பிட் அமைப்பிலும் இதே எல்லைதான். 6 ஜிபி படி என்று கேட்டால், இவ்வளவுதான் படித்தேன் என்ற எண்ணோடு அழைப்பு வெற்றிகரமாகவே திரும்பும். அந்த எண்ணைப் பார்த்து மீதியையும் கேட்க வேண்டியது நிரலின் கடமை. ‘கேட்டதெல்லாம் வந்துவிட்டது’ என்று எண்ணி எழுதப்பட்ட நிரலுக்கு, கோப்பின் எஞ்சிய பகுதி சுழியங்களாகவோ பழைய குப்பையாகவோ காட்சியளிக்கும். மேற்கண்ட எண் 2 ஜிபிக்கு 4096 பைட் மட்டுமே குறைவு என்பதால், அவசரத்தில் பார்ப்பவர்கள் இதைப் பழைய 2 ஜிபி வரம்பு என்று தவறாக அடையாளம் காண்பதும் உண்டு.

நிரல் மொழியே சுமத்தும் வரம்புகளும் இருக்கின்றன. ஜாவாவின் அணிகளுக்குச் சுட்டெண் 32 பிட் என்பதால், எவ்வளவு நினைவகம் இருந்தாலும் ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே பைட் அணியில் அடைத்தால் ஏறத்தாழ 2 ஜிபியோடு நின்றுவிட வேண்டும். 32 பிட் பிஎச்பியில் கோப்பளவு கேட்கும் செயற்கூறு 2 ஜிபிக்கு மேல் நம்பத்தகாத விடை தரும்.

அடுத்து, கோப்பு வடிவங்கள். இங்கே கணினியின் பிட் அகலத்துக்கு எந்த வேலையும் இல்லை. கோப்பின் தலைப்பகுதியில் அளவைக் குறிக்க எத்தனை பைட் ஒதுக்கினார்கள் என்பதே கேள்வி. பழைய ஜிப் வடிவமும் வேவ் ஒலிக்கோப்பும் குறியற்ற 32 பிட் எண்ணை வைத்திருப்பதால் 4 ஜிபியில் நிற்கின்றன. ஜிப்புக்கு ஜிப்64 என்ற நீட்சி 2001-இல் வந்தது. ஆனால் லினக்ஸ் விநியோகங்களில் பரவலாக இருந்த அன்ஜிப் நிரல் அதைப் புரிந்துகொண்டது 2009-இல் வந்த 6.0 பதிப்பில்தான். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் வடிவத்தின் கதை சற்று வேடிக்கையானது. அதன் தலைப்பகுதி எண்களை எழுத்துகளாகவே, அதுவும் எட்டடிமான எண்முறையில், எழுதுகிறது. அளவுக்கு 11 இலக்கங்கள். 8-இன் 11-ஆம் அடுக்கு சரியாக 8 ஜிபி. அதற்கு மேல் போக குனு டார் அதே இடத்தில் எழுத்துகளுக்குப் பதில் இரும எண்ணை வைக்கிறது. டாரின் நீட்சியான பாக்ஸ் வடிவம் தனியே ஒரு கூடுதல் தலைப்பைச் சேர்க்கிறது. ஆகவே ஒரு காப்புப்பிரதி 8 ஜிபியில் குழம்பினால், அதை விரிக்க முயலும் நிரல் பழைய வடிவத்தை மட்டுமே அறிந்தது என்று கிட்டத்தட்டத் துணிந்து சொல்லலாம். ஜிஸிப் கோப்போ தன் இறுதி 4 பைட்டில் மூல அளவை 32 பிட்டுக்கு மடக்கி எழுதிவைக்கிறது. விரிப்பதில் அதனால் தடையில்லை, ஆனால் அளவைக் காட்டச் சொன்னால் பழைய பதிப்புகள் 5 ஜிபியை 1 ஜிபி என்று கூசாமல் சொல்லும்.

கோப்பு முறைமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எஃப்ஏடி32-இல் ஒரு கோப்பு 4294967295 பைட்டைத் தாண்டாது. பென் டிரைவில் நகலெடுக்கும்போது 4 ஜிபியில் நின்றால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். லினக்ஸின் கோப்பு முறைமைகளில், 4 கேபி தொகுதிகளோடு இஎக்ஸ்டி3 2 டிபி வரையும் இஎக்ஸ்டி4 16 டிபி வரையும் செல்லும். வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பு 2 ஜிபியோடு நின்றது. மூன்றாம் பதிப்பிலிருந்து 64 பிட். ‘யூலிமிட் -எஃப்’ என்று கேட்டு, பயனருக்கென விதித்த கோப்பளவு வரம்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதும் ஒரு நொடி வேலை.

மேற்சொன்ன எண்கள் எதிலும் பொருந்தாமல், ஒரு நாள் 3 ஜிபியிலும் இன்னொரு நாள் 7 ஜிபியிலும் நிரல் திணறினால், அது எண்ணின் அகலம் சார்ந்த சிக்கல் அன்று, நினைவகம். உரைத் தொகுப்பிகள் பலவும் கோப்பு முழுவதையும் நினைவகத்துக்கு ஏற்றுகின்றன. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டமைப்பு, செயல் நீக்க வரலாறு, வண்ணமிடல் என்று சேரச் சேர, நினைவகச் செலவு கோப்பின் அளவைப் போலப் பல மடங்கு ஆகிறது. லினக்ஸ் கேட்ட நினைவகத்தை முதலில் தாராளமாக ஒப்புக்கொண்டுவிட்டு, உண்மையில் பயன்படுத்தும்போதுதான் கணக்குப் பார்ப்பதால், பற்றாக்குறை வரும்போது கெர்னல் ஏதேனும் ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். எந்தச் செய்தியும் இன்றிச் சாவது இப்படித்தான். கெர்னலின் பதிவில் மட்டும் அதன் தடயம் இருக்கும். கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் ‘லெஸ்’ போன்ற நிரல் தேவையான பகுதியை மட்டும் படிப்பதால் பெரிய கோப்பைச் சளைக்காமல் காட்டும். வரி எண்களைக் கணக்கிட வேண்டாம் என்று ‘-என்’ கொடுத்தால் கடைசிக்குத் தாவுவதும் விரைவாகும். வரிவரியாகப் படிக்கும் கருவிகளுக்கு ஓர் எதிரி உண்டு: பல ஜிபி நீளத்துக்கு ஒரே வரியாக எழுதப்பட்ட ஜேசான் கோப்பு. உரையில் சொற்களைத் தேடும் க்ரெப்பிடம் அதைக் கொடுத்தால், வரி முடியும் வரை நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போய், நினைவகம் தீர்ந்தது என்று கைவிரித்துவிடும்.

உங்கள் நிரல் எந்த வகை என்று அறிய, முதலில் ‘ஃபைல்’ கட்டளையால் அது 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். பிறகு, நிரல் கெர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் ‘ஸ்ட்ரேஸ்’ வழியாக ஓட்டினால், கெர்னல் மறுத்ததா, அல்லது கெர்னல் எதையும் மறுக்காமலே நிரல் தானாக நின்றதா என்பது தெரிந்துவிடும்; முதலாவது என்றால் கம்பைல் செய்த முறையையும் கோப்பு முறைமையையும் பார்க்க வேண்டும், இரண்டாவது என்றால் மூல நிரலை. சோதிக்க உண்மையான பெரிய கோப்பு தேவையில்லை. ‘டிரங்கேட் -எஸ் 5ஜி’ என்று கொடுத்துப் பெயரிட்டால், ‘எல்எஸ்’ 5368709120 பைட் என்று காட்டும், வட்டிலோ ஏறத்தாழ எந்த இடமும் பிடிக்காத ஓட்டைக் கோப்பு கணத்தில் உருவாகும். அதன் கடைசியில் அடையாளமாக நான்கைந்து எழுத்துகளைச் சேர்த்து, நிரலிடம் கொடுத்து, அந்த எழுத்துகளைத் தேடச் சொல்லுங்கள். எழுதும் நிரலானால், 5 ஜிபி இடத்தில் எழுதச் சொல்லிவிட்டு, 1 ஜிபி இடத்தைத் திறந்து பாருங்கள். அந்த எழுத்துகள் அங்கே கிடந்தால், மூல நிரலில் எங்கோ ஓர் இன்ட் இன்னும் ஒளிந்திருக்கிறது.